சியா வீட்டு வேகக் கணக்கு

'இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், பிப்ரவரி முதல் தேதியிலிருந்து இந்த வீட்டில் சாதாரண வாழ்க்கை நிறுத்திவைக்கப்படுகிறது. தொலைக்காட்சிக்குத் துணி போர்த்தப்படும். உரத்த சிரிப்பு தவிர்க்கப்படும். சீனப் புத்தாண்டுக்கு உறவினர்கள் வரலாம். ஆரஞ்சுப் பழங்களைக் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டு நிமிடத்தில் கிளம்பிவிட வேண்டும். இப்படிக்கு, சியா பூன் சியாங், குடும்பத் தலைவர்.'

ஹவ்காங் வட்டாரத்தில் ஒன்பதாவது மாடி வீடொன்றின் குளிர்சாதனப் பெட்டியில் இந்த அறிக்கை ஒட்டப்பட்டது. அந்த வீட்டில் இருந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் அறிக்கையை எழுதியவர். அடுத்தவர் அவர் மனைவி லாய் பெங். அதைப் படிக்காமலேயே பாலை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். மூன்றாமவள் மகள் யூ நிங். பன்னிரண்டு வயது, தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்பு, அந்த வருடம் பொதுத்தேர்வு. போர் அவள் பெயரில்தான் அறிவிக்கப்பட்டிருந்தது.

பூன் சியாங் ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தில் செயல்பாட்டு மேன்மைப் பிரிவின் துணை மேலாளர். அந்தப் பிரிவு என்ன செய்கிறது என்பது நிறுவனத்துக்கும் தெரியாது. ஆனால் அங்கே எல்லாவற்றுக்கும் ஓர் அட்டவணை உண்டு, அட்டவணைக்கு மூன்று நிறம் உண்டு. அதே முறைப்படி அவர் பத்தாவது மாடி மலாய் அம்மாள் மக்சிக் சல்பியாவுக்கும் ஒரு கடிதம் கொடுத்தார். மாலை நான்கிலிருந்து ஆறு வரை உரலில் சம்பால் மிளகாய் விழுது இடிக்க வேண்டாம் என்று வேண்டுகோள்.

மக்சிக் ஒரு டப்பாவோடு நேரிலேயே இறங்கி வந்தார்.

"பரீட்ச உம் பொண்ணுக்கு. என் மொளகாய்க்கு என்னப்பா பரீட்ச?"

"சத்தம் மக்சிக். கவனம் சிதறும்."

"அஞ்சு புள்ளைங்க என் உரல் சத்தத்துலதான் படிச்சுதுங்க. ஒருத்தன் பைலட் லா. இந்தா, எறால் சம்பால். புள்ளைக்குக் குடு, நீ திங்காத."

பூன் சியாங் டப்பாவை வாங்கிக்கொண்டு, வேண்டுகோள் அமலில் இருப்பதாகத் தெரிவித்தார்.

யூ நிங்குக்கு ஒரே ஓர் ஆசை. இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி ஓர் உயர்நிலைப் பள்ளி இருந்தது. அங்கே நல்ல வலைப்பந்துக் குழு. அவளுடைய தோழி ஹஸ்லினாவும் அங்கேதான் போகப்போகிறாள். ஆனால் போன வருடம் அந்தப் பள்ளியின் கதவு பதினான்கோடு மூடிக்கொண்டது. இந்தத் தேர்வில் பாடத்துக்கு ஒன்றிலிருந்து எட்டு வரை எண்; குறையக் குறையத்தான் மதிப்பு. நான்கு பாடத்துக்கும் சேர்த்து நான்கு வந்தால் சிங்க நடனம் வைக்கலாம்; முப்பத்திரண்டு வந்தால் உறவினர்கள் தொலைபேசியை எடுக்கமாட்டார்கள். ஐந்தாம் வகுப்பு முடிவில் யூ நிங்குக்கு வந்தது பதினாறு. இரண்டைக் குறைக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த இரண்டுக்காகத்தான் அம்மா சம்பளமில்லா விடுப்பு எடுத்தார், மூளைக்குத் தெம்பு என்று கோழிச் சாறு பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது.

இரண்டு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைப் பூன் சியாங் மூன்றே நாளில் கண்டுபிடித்தார். ஆறாம் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கூட்டாகச் சேர்ந்து பேர்பெற்ற பள்ளிகளின் பழைய தேர்வுத்தாள்களை வாங்கினார்கள். பத்துப் பள்ளி, பத்து வருடம், நூறு கணக்குத் தாள். நகலெடுத்த கட்டு மீன் தொட்டியின் உயரம் இருந்தது. அத்தனையையும் புரட்டிப் பார்த்தார். வேகக் கணக்கு இல்லாத தாளே இல்லை! A நகரிலிருந்து ஒரு கார், B நகரிலிருந்து ஒரு லாரி. நாற்பது வருடங்களுக்கு முன்னால் அவரையே கவிழ்த்துவிட்டுப் போன அதே லாரி.

"நூத்துக்கு நூறு," என்றார். "எல்லாத் தாள்லயும் வந்திருக்கு. நம்ம ரெண்டு இங்கதான் இருக்கு."

"பா, இந்த வருஷத்துலேருந்து வேகக் கணக்கு கிடையாதுன்னு எங்க டீச்சர் மிஸஸ் தியோ சொன்னாங்க," என்றாள் யூ நிங்.

"சொல்வாங்க. அத நம்பி மத்த புள்ளைங்க படிக்காம இருக்கும். நீ படிச்சிருப்ப. அங்கதான் நாம முந்தறோம்."

"இல்ல பா, எடுத்தே போட்டாங்க. உயர்நிலை ஒன்னுக்கு மாத்திட்டாங்களாம்."

"அப்படின்னா ரெட்டை லாபம். உயர்நிலை ஒன்னையும் இப்பவே முடிச்சிடறோம்."

பேர்பெற்ற பள்ளிகள் பத்து ஒரு பக்கம், அக்கம்பக்கத்துப் பள்ளியின் மிஸஸ் தியோ மறு பக்கம். எந்தப் பக்கம் சாய்வது என்பதில் செயல்பாட்டு மேன்மைப் பிரிவுக்குச் சந்தேகமே வரவில்லை. யூ நிங் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தினமும் மாலை சாப்பாட்டு மேசை நெடுஞ்சாலையானது. சோயா சாஸ் பாட்டில் கார். மிளகுத்தூள் டப்பா லாரி.

"முன்னூத்தம்பது கிலோமீட்டர். கார் மணிக்கு எம்பது, லாரி மணிக்கு அறுபது. ஒம்போது மணிக்குக் கிளம்புது. எப்ப சந்திக்கும்? நான் போட்டுட்டேன். ஒன்னு இருபத்திரெண்டரை."

"விடைத்தாள்ல பதினொன்னரைன்னு இருக்கு பா."

"அச்சுப் பிழை."

"பா, லாரியும் ஓடுது. நீங்க லாரிய நிறுத்தியே வச்சிட்டீங்க."

பூன் சியாங் மிளகு டப்பாவைப் பார்த்தார். அது கடந்த இருபது நிமிடமாக இருந்த இடத்திலேயே இருந்தது.

"டிரைவர் கோப்பி குடிக்கப் போயிருப்பான்," என்றார் லாய் பெங், துணி மடித்துக்கொண்டே. "பாவம், அவனும் மனுஷன்தானே."

"லாய் பெங், இது சிரிக்கிற விஷயம் இல்ல."

"நான் எங்க சிரிச்சேன்? உரத்த சிரிப்புக்குத்தான் தடை போட்டிருக்கியே."

மார்ச், ஏப்ரல், மே போயின. ஜூன் விடுமுறையில் மற்ற குடும்பங்கள் பினாங்குக்குப் போயின. சியா குடும்பம் A நகருக்கும் B நகருக்கும் போய்வந்தது. அட்டவணையில் வேகக் கணக்குகளின் எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. பச்சைக் கட்டங்கள் பெருகின. பூன் சியாங் அலுவலகத்தில் அதை நண்பர்களுக்குக் காட்டினார். அவர்கள் தங்கள் பிள்ளைகளின் அட்டவணையைக் காட்டினார்கள்.

ஜூலையில் ஒரு நாள் தலை வாரிவிடும்போது லாய் பெங் மகளின் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். இடது புருவத்தில் அரை விரல் அகலத்துக்கு முடி இல்லை.

"என்னடி இது?"

"தெரியல மா. யோசிக்கறப்ப கை தானா போயிடுது."

"புடுங்கறியா?"

யூ நிங் முன்முடியை இழுத்து மறைத்துக்கொண்டாள். லாய் பெங் சீப்பைக் கீழே வைத்தார். அன்றிலிருந்து அவர் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்தப் புருவத்தைப் பார்த்தார். ஆகஸ்ட் பிறந்தபோது இடைவெளி இன்னும் கொஞ்சம் அகன்றிருந்தது. பூன் சியாங்கிடம் சொன்னபோது, வைட்டமின் குறைபாடு என்று முடிவு செய்து கோழிச் சாற்றை இரண்டு பாட்டிலாக உயர்த்தினார்.

பள்ளியின் முன்னோட்டத் தேர்வு முடிந்தது. மறுபடியும் பதினாறு.

அந்த வாரம் சலவைக் கூடையில், பள்ளிச் சீருடைக்கு அடியில், லாய் பெங்குக்கு ஒரு நோட்டுப் புத்தகம் அகப்பட்டது. காமிக்ஸாக இருக்கும், பாவம், படித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் திறந்தார். உள்ளே பக்கம் பக்கமாகப் பின்னக் கணக்கு. மிச்சத்தில் ஐந்தில் இரண்டு, அதன் மிச்சத்தில் நான்கில் மூன்று. பாதிக்கு மேல் தவறு. அழித்து எழுதி, அழித்து எழுதித் தாளே கிழிந்திருந்தது.

"இத எதுக்கு ஒளிச்சு வச்சிருக்க?"

"பின்னந்தான் மா எனக்கு வரல," என்றாள் யூ நிங். "வேகக் கணக்கு நேரத்துல இத எடுத்தா அப்பா வருத்தப்படுவாரு. அதான் குளிக்கப் போறப்ப எடுத்துட்டுப் போயி..."

"குளியலறையிலயா?"

"நாள் போயிட்டே இருக்கு மா." அவள் கை புருவத்துக்குப் போனது. லாய் பெங் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

மறுநாள் பெற்றோர் சந்திப்பு. பூன் சியாங் மனைவியோடும் ஒரு தடித்த கோப்போடும், புகார் செய்யும் உத்தேசத்தோடு வந்திருந்தார். அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் தரம் குறித்து அவர் வரும் வழியில் பேருந்திலேயே ஒத்திகை பார்த்துவிட்டார்.

"டீச்சர், முன்னோட்டத் தேர்வுல வேகக் கணக்கு ஒன்னுகூடக் கேக்கல. ஒன்னுகூட! இப்படி இருந்தா புள்ளைங்க எப்படித் தயாராகும்?"

மிஸஸ் தியோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். முப்பது வருடங்களில் எல்லா வகைத் தகப்பன்களையும் பார்த்தவர்.

"சார், பிப்ரவரி விளக்கக் கூட்டத்துக்கு நீங்க வந்திருந்தீங்கதானே?"

"முழு நேரமும் இருந்தேன்."

அது உண்மை. மூன்றாவது வரிசையில் இருந்தார். பாடத்திட்ட மாற்றங்கள் திரையில் ஓடியபோது தலையைக் குனிந்து, கூட்டுக் கொள்முதலில் நூறு தாள்களுக்குத் தன் பெயரைப் பதிந்துகொண்டிருந்தார்.

மிஸஸ் தியோ ஒரு தாளை எடுத்து வைத்தார். நீக்கப்பட்ட பகுதிகள் என்று தலைப்பு. முதல் வரி: வேகம். அடியில், படித்துப் புரிந்துகொண்டேன் என்ற வாசகத்துக்குக் கீழே, ஒரு கையெழுத்து. செயல்பாட்டு மேன்மைப் பிரிவில் தினமும் நாற்பது கோப்புகளைப் படிக்காமல் அங்கீகரிக்கும் அதே கையெழுத்து.

பூன் சியாங் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"ஆனா அவ வேகக் கணக்குல தொண்ணூத்தொரு சதவீதம், டீச்சர்."

"ரொம்ப நல்லது. அடுத்த வருஷம் உதவும். பின்னத்துல நாப்பத்தெட்டு. பரீட்சைக்குப் பத்தொம்போது நாள் இருக்கு சார்."

இருவரும் பேருந்தில் வீட்டுக்குத் திரும்பினார்கள். இறங்கும் இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பாக, வலைப்பந்துத் திடலைப் பேருந்து கடந்தபோது, பூன் சியாங் மெல்ல, "அவகிட்ட எப்படிச் சொல்றது?" என்றார். "ஏழு மாசம் லாய் பெங். தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா."

"அவ உனக்கு பிப்ரவரியிலயே சொன்னாளே, அப்ப நீ உடைஞ்சியா?" என்றார் லாய் பெங்.

வீட்டில் யூ நிங் மேசையைத் தயார் செய்து வைத்திருந்தாள். சோயா சாஸ் ஒரு கோடியில், மிளகு மறு கோடியில். பூன் சியாங் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றபடியே பேசினார்.

"வேகக் கணக்குத் திட்டம் இன்னையோட வெற்றிகரமா நிறைவடையுது. இலக்கைத் தாண்டிட்டோம். ஆகவே, அடுத்த கட்டமா..."

"பா, மிஸஸ் தியோ சொல்லிட்டாங்களா?"

"...சொன்னாங்க."

"கையெழுத்தக் காட்டினாங்களா?"

பூன் சியாங் உட்கார்ந்தார். "உனக்குத் தெரியுமா?"

"தாள டீச்சர்கிட்ட திருப்பிக் குடுக்கறப்பப் பாத்தேன்."

"அப்புறம் ஏம்மா தெனம் உக்காந்து போட்ட? இன்னொரு தடவ சொல்லியிருக்கலாமே."

யூ நிங் மிளகு டப்பாவை உருட்டினாள். "வேற கணக்குல நான் தப்பு விட்டா நீங்க கத்துவீங்க. இதுல நீங்களும் தப்பு விடுவீங்க. அதனால கத்தமாட்டீங்க."

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. பிறகு அவள் பையிலிருந்து அந்தக் கிழிந்த நோட்டை எடுத்து அப்பாவைப் பார்த்தாள்.

"இப்ப பின்னம் போடலாமா பா?"

பத்தொன்பது நாள். நூறு தாள்களும் கீழ்த்தளத்துப் பழைய காகிதத் தொட்டிக்குப் போயின. பின்னத்தை லாய் பெங் எடுத்துக்கொண்டார். பண்டான் கேக்கை வாங்கி வந்து வெட்டி வெட்டியே ஏழு நாள் நடத்தினார். பூன் சியாங்குக்கு ஆப்பிள் உரிக்கும் பொறுப்பு தரப்பட்டது. உரித்தார். மிச்சத்தில் மிச்சம் என்றால் என்ன என்று ஒரு முறை எட்டிப்பார்த்துக் கேட்டார். இருவரும் சேர்ந்து அவரைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்பினார்கள். மேலே மக்சிக் சல்பியா நான்கரைக்குச் சம்பால் இடித்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் பின்னத்தில் எழுபது வந்தது. பதினாறாம் நாள் எண்பத்திரண்டு. புருவத்தில் பென்சில் கோடு போல ஏதோ தெரிந்தது. லாய் பெங் தொட்டுப் பார்த்தார், முடிதான்.

கணக்குத் தேர்வன்று பூன் சியாங் பள்ளிக் கதவுக்கு வெளியே மற்றப் பெற்றோர்களோடு நின்றார். இரண்டரை மணி நேரமும் கழிப்பறைக்குக்கூடப் போகவில்லை. யூ நிங் வெளியே வந்ததும், தாளைப் பற்றிக் கேட்கமாட்டேன் என்று மனைவிக்குக் கொடுத்திருந்த வாக்குப்படி, "பசிக்குதா?" என்றார்.

"பின்னம் மூணு வந்துச்சு பா," என்றாள் அவள். "மூணும் போட்டுட்டேன்."

அன்று மாலை குளிர்சாதனப் பெட்டியில் புதிய அறிக்கை ஒட்டப்பட்டது. குடும்பத் தலைவரின் தொலைநோக்கும், பிழையைத் தக்க தருணத்தில் திருத்திக்கொள்ளும் நிர்வாகத் திறனும் அதில் விரிவாகப் பாராட்டப்பட்டிருந்தன. பக்கத்து வீடுகளுக்கு ஆரஞ்சுப் பழம் போனது. வலைப்பந்துக் காலணியின் விலை விசாரிக்கப்பட்டது. நவம்பர் கடைசியில் முடிவு வரும் நாளன்று பூன் சியாங் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பள்ளி மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கணக்கில் இரண்டு குறைந்திருந்தது. சீன மொழியில் ஒன்று கூடியிருந்தது. மொத்தம் பதினைந்து, பதினான்குக்கு ஒன்று அதிகம்.