வெள்ளிக்கிழமை நான்கு மணி வட்டம்

எங்கள் கல்லூரிக்கென்று ஒரு பண்பாடு இல்லை என்று கண்டுபிடித்தவர் இயக்குநர். அதைக் கட்டியெழுப்பும் பொறுப்பை என் தலையில் கட்டியவரும் அவரே. மேலாண்மைக் கல்லூரி அது. நான் அங்கே மனிதவளம் நடத்துகிற பேராசிரியை. மனிதர்களைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று மற்றவர்கள் நம்பினார்கள். நானும் நம்பித் தொலைத்தேன்.

எட்டு மாதம் கூட்டம் போட்டோம். கலர் கலராகச் சீட்டு எழுதி ஒட்டினோம், கிழித்தோம், மறுபடி ஒட்டினோம். கடைசியில் மூன்று சொற்கள் தேறின. நேர்மை, துணிவு, ஒற்றுமை. பெயிண்டர் வந்து எல்லாச் சுவரிலும் எழுதிவிட்டுப் போனார். சுவரில் எழுதினால் மனசில் ஒட்டிவிடுமா என்று கேட்டு, வட்டத்தைக் கொண்டுவந்தவள் நான்தான்.

வட்டம் இதுதான். ஆறு பேர் ஒரு குழு. இரண்டு வருடமும் அதே ஆறு பேர். மதிப்பெண் குழுவுக்குத்தான்; ஒருவன் சறுக்கினால் ஆறு பேருக்கும் வெட்டு. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஒவ்வொரு குழுவும் ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து, தங்களுக்குள் இருக்கும் குறைகளைத் தாங்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து மணி வரை வெளியாள் யாரும் உள்ளே போகக்கூடாது, ஆசிரியர் உட்பட. உள்ளே நடந்தது வெளியே வரக்கூடாது. கதவுகளுக்குத் தாழ்ப்பாள்கூட வைக்கவில்லை. நம்பிக்கைதான் தாழ்ப்பாள் என்று நானே மேடையில் பேசினேன். வேறு கல்லூரிகளிலிருந்து வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏழாம் குழுவில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவன் கேப்டன். கால்பந்து ஆடுகிறவன், தடித்த கண்ணாடி போட்டிருப்பான், அவன் எழுந்தால் மற்றவர்களும் எழுவார்கள். இன்னொருவன் குச்சி. உடம்பைப் பார்த்து வைத்த பெயர். அப்பா அம்மா இல்லாதவன். சலவைக் கடையில் நாள் முழுக்க இஸ்திரி போடும் அக்காதான் அவனை வளர்த்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை குச்சி என் அறைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், எங்க ரிப்போர்ட்ல இருநூறு கடைக்காரங்க பதில் இருக்கில்ல? அதுல ஒண்ணுகூட நிஜம் இல்ல. நாங்க ஒரு கடைக்கும் போகல. ரூம்ல உக்காந்து நாங்களே எழுதி நிரப்பினோம்."

"இத ஏன் எங்கிட்ட வந்து சொல்றே?"

"நேர்மைன்னு எழுதியிருக்கே மேடம்."

கிண்டலாகச் சொல்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அதை நிஜமாகவே நம்பிய ஒரே ஜீவன் அவன்தான் போலிருக்கிறது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சியில்தான் என் புத்தி கெட்டது.

வியாழக்கிழமை வகுப்பில் ஏழாம் குழுவுக்குச் சுழியம் என்று அறிவித்தேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். அறுபது பேருக்கு முன்னால் அவனை எழுப்பி நிறுத்தினேன். "இந்தக் குழுவுல இவன் ஒருத்தனுக்காவது முதுகெலும்பு இருக்கு. எல்லாரும் கை தட்டுங்க" என்றேன். தட்டினார்கள். அவன் குழுவின் மற்ற ஐந்து பேரும் தட்டினார்கள். கேப்டன்தான் கடைசி வரைக்கும் தட்டினான். பரவாயில்லையே, பக்குவமான பையன் என்று நினைத்துக்கொண்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் நான்கரை மணிக்கு நான் நடைவழியில் உலாத்திக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் அது என் பெருமைக்குரிய உலா. சாத்திய கதவுகள், உள்ளே முணுமுணுப்பு. காவலாளி பின்னால் வந்தார். படையில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் பட்டாளத்தார். ஏழாம் குழுவின் அறைக்கு வெளியே அவர் நின்றார்.

உள்ளே ஏதோ விழுந்தது.

"மேடம், சத்தம் சரியில்ல. தொறந்து பாக்கட்டுமா?"

"நாற்காலி சாஞ்சிருக்கும், பட்டாளத்தாரே."

அடுத்த சத்தம் நாற்காலி இல்லை. அது எனக்குத் தெரிந்தது. இப்போது பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஈரத் துணியைக் கல்லில் அறைவது போன்ற சத்தம் அது. அப்புறம் சிறிது அமைதி. யாரோ "அடுத்து நீ" என்றார்கள். மறுபடி அதே சத்தம். ஆள் மாற்றி ஆள் அடிக்கிறார்கள். வகுப்பில் குழு வேலை என்றால் எல்லோரும் சமமாகப் பங்கெடுக்க வேண்டும் என்று நான் எவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டிருப்பேன்! இங்கே ஒருவரும் பின்வாங்கவில்லை.

அவன் கத்தினான். "அக்கா!" என்றுதான் கத்தினான்.

பட்டாளத்தார் கை கைப்பிடிக்குப் போனது. நான் அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "வேணாம். இப்ப உள்ள போனா இத்தன நாள் கட்டினதெல்லாம் போச்சு. அவங்களே தீத்துக்குவாங்க."

"மேடம், புள்ளய அடிக்கிறானுங்க."

"ரெண்டு நிமிஷம் பொறுங்க."

என் பதவிக்குக் கட்டுப்பட்டு அவர் பொறுத்தார். உள்ளே எதுவோ நொறுங்கியது. அதற்கு மேல் அவரால் முடியவில்லை. என்னை உதறித் தள்ளினார். சுவரில் போய் மோதினேன். கதவைத் திறந்தார். தள்ளினாலே திறக்கிற கதவு.

சார்ட் மாட்டும் ஸ்டாண்டின் அலுமினியக் காலைக் கழற்றி எடுத்திருந்தார்கள். குச்சி தரையில் சுருண்டு கிடந்தான். சட்டையின் முன்பக்கம் முழுவதும் சிவப்பு. இடது கண் இருந்த இடத்தை இரண்டு கையாலும் பொத்தியிருந்தான், விரல் இடுக்கெல்லாம் வழிந்தது. இரண்டு பற்கள் என் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தன. கேப்டன் கையில் அந்தக் கம்பி. மூச்சு வாங்க என்னைப் பார்த்து, "இன்னும் அஞ்சு மணி ஆகல மேடம்" என்றான்.

பட்டாளத்தார் அவனை ஓர் அறை விட்டார். கண்ணாடி பறந்தது. பிறகு குச்சியைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. இடது கண் போய்விட்டது. முதல் அடிகள் முகத்தில் இல்லை, கண்ணில் பட்டது கடைசி அடி என்றார். கொஞ்சம் முன்னால் தடுத்திருந்தால் என்று அவர் ஆரம்பித்தபோது நான் அங்கிருந்து நகர்ந்துவிட்டேன். நகர்ந்த இடத்தில் அவன் அக்கா நின்றுகொண்டிருந்தாள். வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள். முன்கையெல்லாம் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு.

"கை தட்டச் சொன்ன மேடம் நீங்கதானா? அன்னிக்கு போன் போட்டு எவ்ளோ சந்தோஷப்பட்டான் தெரியுமா?"

ஆமாம் என்றேன். அறைந்தாள். நாள் முழுக்க இரும்பைத் தூக்குகிற கை. காதுக்குள் கூவென்றது, உதடு கிழிந்தது. இன்னொரு கன்னத்திலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவளோ அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

விசாரணை பத்து நாள் கழித்து நடந்தது. இயக்குநர், நான், ஆறு மாணவர்கள், பட்டாளத்தார். ஸ்டாண்டு சரிந்து விழுந்தது என்று ஐந்து பேரும் சொன்னார்கள். குச்சியின் முறை வந்தது. கட்டுப் போட்ட முகத்தோடு எழுந்தான்.

"ஸ்டாண்டுதான் சார் சாஞ்சுது. யாரும் அடிக்கல."

பட்டாளத்தார் துள்ளி எழுந்தார். "பொய் சார்! நான் கண்ணால பாத்தேன். முன்னாடியே போயிருப்பேன், மேடம்தான் என் கையப் பிடிச்சு நிறுத்தினாங்க. கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வார்த்தை போதும். ஆமாம். அக்காவிடம் சொன்ன அதே வார்த்தை. ஆனால் இங்கே சொன்னால் வேலை போகும், பேர் போகும், வட்டம் போகும்.

"பதட்டத்துல எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல" என்றேன்.

வட்டத்தைக் கலைத்ததற்கும் மாணவனைக் கைநீட்டி அடித்ததற்கும் பட்டாளத்தாரை அன்றே வேலையை விட்டு அனுப்பினார்கள். வாசல் வரைக்கும் அவர் பின்னால் ஓடினேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"கதவத் தொறந்ததுக்கு நான் வருத்தப்படல மேடம்" என்றார். "நீங்க சொன்னீங்கன்னு ரெண்டு நிமிஷம் நின்னேன் பாருங்க, அதத்தான் தாங்க முடியல." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

குச்சியைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "ஏண்டா பொய் சொன்னே?"

"அவங்களத் தொரத்திட்டா குழு இல்ல மேடம். குழு இல்லன்னா எனக்கு மார்க் ஏது, வேலை ஏது?" என்றான். "அதோட தப்பு எம்மேலதான். முதல்ல வட்டத்துல சொல்லியிருக்கணும். வெளியாள்கிட்ட வந்து சொல்லியிருக்கக்கூடாது."

வெளியாள் என்றால் நான். நேராக இயக்குநரிடம் போய் வட்டத்தை நிறுத்துங்கள் என்று கெஞ்சினேன். அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பு. ஒற்றுமையில் முதலிடம் ஏழாம் குழுவுக்கு.

"அந்தப் பையனே வட்டம் வேணும்னு எழுதிக் குடுத்திருக்கான் மேடம். நீங்க கட்டினத நீங்களே இடிக்கணுமா?" என்றார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் நான் மூன்றரைக்கே வீட்டுக்குப் போய்விடுவேன். ஆறு வாரம் அப்படிப் போனது. ஏழாவது வாரம் கேப்டன் பரீட்சையில் பிட் அடித்து மாட்டினான். ஆறு பேருக்கும் வெட்டு. வெள்ளிக்கிழமை மூன்றரைக்குப் பையை எடுத்தேன். கால் வாசலுக்குப் போகவில்லை. நான்கு பத்துக்கு ஏழாம் குழுவின் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன்.

அந்த ஈரச் சத்தம் கேட்டது. இம்முறை யாரும் கத்தவில்லை. தடுக்க என் பக்கத்தில் ஆளும் இல்லை. தள்ளித் திறந்தேன்.

கேப்டன் நடுவில் நின்றான், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. சட்டையைக் கழற்றி மடித்து மேசை மேல் வைத்திருந்தான், அதன்மேல் கண்ணாடி. யாரும் அவனைப் பிடித்திருக்கவில்லை. முதுகில் நான்கு வரிகள் தடித்துப் பிளந்து, ரத்தம் கால்சட்டையின் இடுப்பில் ஊறிக்கொண்டிருந்தது. நான்கு பேர் அடித்து முடித்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். இப்போது கம்பி குச்சியின் கையில். அவன் ஓங்கியிருந்தான். முதுகுக்கு இல்லை, தலைக்கு.

"நிறுத்துடா!" என்று கத்திக்கொண்டே குறுக்கே பாய்ந்து கையை நீட்டினேன்.

கம்பி என் முன்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கண் இருட்டி, அப்படியே கேப்டன் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பித் தொங்கியது. அலறினேன்.

குச்சி குழம்பிப் போய் அங்கும் இங்கும் பார்த்தான். தலையை முழுவதுமாக இடப்பக்கம் திருப்பிய பிறகுதான் அவனுடைய ஒற்றைக் கண்ணுக்கு நான் அகப்பட்டேன்.

"ஐயோ மேடம், நீங்களா? சாரி மேடம். இந்தப் பக்கத்துலேருந்து யார் வந்தாலும் எனக்குத் தெரியாது மேடம்."

கேப்டன் குனிந்து என்னைப் பார்த்தான். "நீங்க போங்க மேடம். என் தப்புதான். இன்னும் ஒண்ணுதான் பாக்கி" என்றான்.

நான் எழுந்து வழிவிடுவதற்காக ஆறு பேரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். நான் நகரவில்லை.