டேக் பிரித்தவள்

ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தில் அவளுக்கு 'டேக்கம்மா' என்று பெயர் விழுந்து மாதங்கள் ஆகிவிட்டன. மற்றவர்கள் தங்கள் கையிலிருந்த சொற்களை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட, அவள் மட்டும் டேக் (take) என்ற ஒரே ஆங்கில வினைச்சொல்லைக் கட்டிக்கொண்டு அழுதாள். மருந்தை டேக் பண்ணினால் சாப்பிடுவது. பஸ்ஸை என்றால் ஏறுவது. நாற்காலியை என்றால் உட்காருவது. அவமானத்தை என்றால் பொறுத்துப்போவது. ஒரு வேலை ஒரு மணி நேரத்தை டேக் பண்ணினால், அவ்வளவு நேரம் பிடிக்கிறது. தமிழில் பத்துப் பேர் முதுகொடிந்து செய்கிற வேலையை ஆங்கிலத்தில் ஒருத்தனே அலட்டிக்கொள்ளாமல் செய்துகொண்டிருந்தான்.

அலுவலகத்தில் ஒரு வழக்கம். வாக்கியங்கள் எழுதிய சீட்டுக்கட்டு ஒன்றை இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் குவியலை மற்றவர் பார்க்காமல், பொருள்வாரியாகக் குவியல் பிரிக்க வேண்டும். இருவர் குவியலும் ஒத்துப்போனால்தான் அந்தப் பொருள் அச்சேறும். அவளுக்கு வாய்த்த ஜோடி கத்திரி. எதைக் கொடுத்தாலும் வெட்டிச் சுருக்குகிறவன் என்பதால் அந்தப் பெயர். அவள் முப்பது குவியல் வைத்தால் அவன் ஐந்து வைப்பான்.

"வாங்கறதும் ஏத்துக்கறதும் ஒண்ணுதானே அக்கா? ஒரே குவியல்ல போடுங்க, வீடு போய்ச் சேருவோம்."

"சம்பளம் வாங்கறதும் சாவுச் செய்தியை ஏத்துக்கறதும் ஒண்ணாப்பா?"

"நாம வாங்கற சம்பளத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

ஒருநாள் காலையில் தலைமைப் பதிப்பாசிரியர் அவள் மேசைக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். ஒத்து வரலைன்னா கத்திரி எழுதின அரைப் பத்தியே போகட்டும். அச்சகத்துக்காரன் என் உயிரை எடுக்கறான்."

"அது எந்தக் குவியல் சார்?" என்றான் கத்திரி. அறையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அரைப் பத்தி. எங்கோ ஒருத்தி ஒரு வாக்கியத்தில் முட்டிக்கொண்டு நின்று, இந்தப் பக்கத்தைப் புரட்டுவாள். தனக்கு வேண்டியது இல்லை என்றதும், தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்து மூடிவைப்பாள். அவளுக்காகத்தான் இவ்வளவும். இதை வீட்டில் கணவரிடம் சொன்னபோது, "இன்னுமா அந்த வார்த்தை?" என்று கேட்டுவிட்டுப் புரண்டு படுத்தார்.

எல்லோரும் சாப்பிடப் போனதும், எங்கேதான் இடிக்கிறது என்று பார்க்கக் கட்டைக் கலைத்துப் புதிதாகப் பிரித்தாள். மளமளவென்று கை ஓடியது. போன வாரம் பிரித்தபோது ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் குவியல் எண்ணைப் பென்சிலால் குறித்திருந்தாள். இப்போது திருப்பிப் பார்த்தாள். முதல் குவியலிலேயே மூன்று எண்கள் கலந்து கிடந்தன. அடுத்ததில் இன்னும் மோசம். 'அவள் அந்தச் செய்தியை அமைதியாக டேக் பண்ணினாள்.' போன வாரம் அது 'தாங்கிக்கொண்டாள்', இன்றைக்கு 'ஏற்றுக்கொண்டாள்'.

கத்திரி கை கழுவிவிட்டு வந்தபோது அவள் சீட்டுகளின் நடுவே அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என்னோடயே எனக்கு ஒத்துப்போகலைப்பா."

அவன் இரண்டு சீட்டைத் திருப்பிப் பார்த்தான். கேலி வாய் வரை வந்து திரும்பிப் போனது.

"இதை யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா. பின்னாடி இருக்கற எண்ணைப் பார்த்து நானும் அப்படியே பிரிச்சு வச்சுடறேன். ஒத்துப்போச்சுன்னு கொண்டுபோய்க் கொடுங்க. முப்பதும் அச்சாகட்டும்."

இத்தனை மாதமாக அவள் கேட்டது அதைத்தான். ஆனால் அகராதியைப் புரட்டப்போகிறவள் அந்த முப்பதையும் அப்படியே நம்பிவிடுவாளே.

"வேண்டாம்."

"உங்களுக்கு வீம்பு ஜாஸ்தி."

"ஆமா."

சீட்டுக்கட்டை அவன் மேசையில் வைத்துவிட்டுத் தலைமைப் பதிப்பாசிரியரின் அறைக்குப் போனாள். "கத்திரி எழுதினதே போகட்டும் சார்."

"அப்பாடா!" என்றார் அவர். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும்.

திரும்பி வந்து அடுத்த சொல்லின் கட்டைப் பிரித்தாள். எதிர் மேசையில் கத்திரி, அனுப்புவதற்கு முன் தன் ஐந்து குவியலைக் கடைசியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சீட்டை இரண்டாவதில் வைத்தான். எடுத்து நான்காவதில் வைத்தான். மறுபடி எடுத்தான்.

"அக்கா, இது ஒண்ணு மட்டும்..."

அவள் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.