உப்புச் சர்க்கரை

யாரோ மொபெட்டில் கொண்டுவந்த வாழைக்கன்றை இறக்கிச் சுவரோரம் சாத்தியபோதுதான் சாரதாமணிக்கு அடுத்து நடக்கப்போவது உறைத்தது. வேரில் இன்னும் ஈரமண் இருந்தது. கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் தம்பி தரணீதரன் படுத்திருந்தான். நேற்றுச் சாயங்காலம் கம்பெனியில் சாம்பிள் பார்த்துக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான், எழவில்லை.

ஐம்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகாதவன். அப்படிப்பட்டவனை வெறுமனே கொண்டுபோய் எரிக்கக் கூடாது. வாழைக்கு மஞ்சள் கயிறு கட்டி அதை அவனுக்குப் பெண்டாட்டியாக்கி, பிறகு அதை வெட்டிப் போட்டுவிட்டுத்தான் பாடையைத் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆசை தீராமல் வீட்டைச் சுற்றுவானாம், வீட்டில் அடுத்த கல்யாணம் தட்டிப்போகுமாம். அவன் சார்பில் கயிறு கட்ட வேண்டியவள் கூடப்பிறந்தவள். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆத்தப்பன் மாமா அப்படித்தான் முடிவு செய்திருந்தார். அந்தச் சொந்தத்தில் நல்லதற்கும் கெட்டதற்கும் அவர் வைத்ததுதான் சட்டம்.

கல்யாணம் ஆகாதவன் என்று சொல்வது சுலபம். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் இதே கூடத்தில்தான் அவனுக்கு உப்புச் சர்க்கரை மாற்றினார்கள். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் தட்டில் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பெண் தாராபுரத்துச் சுப்புலட்சுமி, தூரத்துச் சொந்தம். அன்றைக்கே வெட்கப்பட்டுக்கொண்டு சாரதாமணியை "நங்கையா" என்று கூப்பிட்டாள். புருஷனின் அக்காளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சாரதாமணியும் தம்பி கல்யாணத்துக்கென்று அரக்குக்கரைப் புடவை ஒன்று எடுத்து வைத்தாள்.

இரண்டு மாதம் கழித்துத் தரணீதரன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். காரணம் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஒரு இருட்டு உண்டு. நாள்கணக்கில் பேசமாட்டான், சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருப்பான். ஆனால் ஊருக்கு அவன் காட்டிய முகம் வேறு. சிகரெட்டே பிடிக்காதவன் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்க ஊதினான். கோயமுத்தூரில் ஒருத்தியை வைத்திருப்பதாகத் கல்யாணத் தரகரிடமே சொன்னான். ஊர் அவனைக் காறித் துப்பியது, பெண் தப்பித்தாள் என்று பெருமூச்சு விட்டது. ஒரு வருடத்துக்குள் சுப்புலட்சுமிக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. பிறகு விசேஷங்களில் பார்த்தால் "அக்கா, சௌக்கியமுங்களா" என்பாள், அவ்வளவுதான். ஒரே வீட்டில் இருந்தும் சாரதாமணி ரொம்ப நாள் தம்பியோடு பேசவே இல்லை.

பேச வைத்தது ஒரு டென்மார்க்காரன். பெருமாநல்லூர் ரோட்டில் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தரணீதரன் ஆர்டர் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்குகிற டென்மார்க் பையரைப் பார்க்கக் கோபன்ஹேகனுக்குப் போனவன், மழைக்கு ஒதுங்கிய கடையில் ஒரு புத்தகம் வாங்கிவந்தான். நூற்றெழுபது வருடத்துக்கு முன்னால் அந்த ஊரில் செத்துப்போன தத்துவக்காரன் ஒருவனைப் பற்றியது. அதன்பிறகு மற்ற பேச்செல்லாம் போச்சு. மொட்டைமாடியில் அக்கா துணி எடுக்கும்போது கூடவே வந்து அந்தத் தத்துவக்காரன் கதையைச் சொல்வான். அந்த ஆள் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒவ்வொரு பேர் போட்டுக்கொண்டு எழுதினானாம்; ஒரே பனியனுக்கு ஏழு பையர் லேபிள் ஒட்டுகிற மாதிரி என்று சொல்லிச் சிரிப்பான். அவனுடைய கால்சட்டையின் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்று பத்திரிகைக்காரன் படம் போட்டுக் கேலி செய்தானாம். "நம்ம க்யூசி செக்கிங்காரங்க கையில கெடைச்சிருந்தா பீஸையே ரிஜெக்ட் பண்ணியிருப்பாங்கக்கா."

ஒருநாள் சிரிக்காமல் சொன்னான்.

"அவன் ஒரு புள்ளைய நிச்சயம் பண்ணிட்டு உட்டுட்டான்க்கா. தன்னோட இருட்டுக்குள்ள அவள இழுத்துப் போட்றக் கூடாதுன்னு. ஊரு அவள ஒண்ணும் பேசக் கூடாதுன்னு கெட்டவனாட்ட நடிச்சான். அவ வேற ஒருத்தரக் கட்டிட்டுக் கடல் தாண்டிப் போயிட்டா. இவன் சாகற மட்டும் அவளையேதான் பொண்டாட்டின்னு நெனச்சுட்டு இருந்தான். நிச்சயமும் கண்ணாலமும் தனக்கு ஒண்ணுதான்னு எழுதி வெச்சுட்டுப் போனான்."

"நீயும் அப்படித்தானா சாமி?"

அவன் கொடியில் இருந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தான். காய்ந்ததா இல்லையா என்றுகூடப் பார்க்கவில்லை.

"அம்மிணி, எந்திரிச்சு வா," என்று ஆத்தப்பன் மாமா கூப்பிட்டார்.

சாரதாமணி எழுந்தாள். பெண்கள் கூட்டத்தில் தூணுக்குப் பக்கத்தில் சுப்புலட்சுமி உட்கார்ந்திருந்தாள். காலையிலேயே வந்துவிட்டாள். சொந்தம்தானே, யாரும் தப்பாக நினைக்கவில்லை. நெற்றியில் குங்குமம், நரைத்த முடி. அவள் புருஷன் தெருமுனையில் காரில் இருந்தார். பந்தலின் இன்னொரு பக்கத்தில் மங்கலத்துச் சம்பந்தி வீட்டார். சாரதாமணியின் மகள் வர்ஷினிக்குத் தை மாதம் கல்யாணம்.

மாமா மஞ்சள் கயிற்றை நீட்டினார். அவனுக்கு ஏற்கெனவே ஆகிவிட்டது என்று சொல்ல ஒரு வாய்தான் வேண்டும். சொன்னால் அத்தனை கண்ணும் தூணுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். கட்டிவிட்டாலோ, இத்தனை வருடம் அவன் மனசில் வைத்திருந்தது ஒன்றுமில்லை என்று அக்காளே எழுதிக் கொடுத்ததாகும். பாவிப்பயலே, நீ பாட்டுக்குப் படுத்துக்கொண்டாயே என்று தம்பியின் மேல் கோபம் வந்தது. அவன் எழுந்து வந்து மொட்டைமாடியில் இன்னும் ஒரு கதை சொல்லமாட்டானா என்றும் இருந்தது.

"வேண்டாமுங்க மாமா."

"அப்பிடிச் சொல்லப்படாது அம்மிணி. கன்னி கழியாதவன எப்பிடி அனுப்பறது? ஊட்டுல கண்ணாலத்த வேற வெச்சிருக்கறே."

"அவன் கன்னி கழியாதவன் இல்லீங்க. ஆருன்னு கேக்காதீங்க. எனக்குத் தெரியும், அவ்வளவுதானுங்க."

பந்தலில் குசுகுசுவென்று பேச்சு கிளம்பியது. கோயமுத்தூர்க்காரி பழைய புழுதியிலிருந்து எழுந்து வந்தாள். வெளிநாட்டில் யாரோ என்று ஒருத்தி சொன்னாள், அதனால்தான் அந்த நாட்டுப் பேச்சே பேசினான் என்று இன்னொருத்தி முடித்து வைத்தாள். சம்பந்தியம்மாள் எழுந்து வெளியே போய்த் தன் புருஷனிடம் என்னவோ சொன்னாள். சாரதாமணியின் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வர்ஷினி மட்டும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி இருபத்தெட்டு வருடம் தாங்கிய பேச்சு இது. தன்னால் ஒரு காலைப்பொழுது தாங்க முடியாதா என்று சாரதாமணி நின்றாள்.

"அப்பறம் உம்பாடு," என்று மாமா கயிற்றை நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்தார்.

பாடை கிளம்பியது. தெரு திரும்பும்வரை சங்குச் சத்தம் கேட்டது. வந்தவர்கள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வண்டியேறினார்கள். எழவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. வீட்டுப் பெண்கள் மட்டும் வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர்கள் தலையில் தண்ணீர் ஊற்றினால்தான் வீடு கழுவலாம். மூத்தவள் என்று சாரதாமணியே குடத்தை எடுத்து ஒவ்வொருத்தியாக ஊற்றிக்கொண்டு போனாள்.

கடைசி ஆள் வர்ஷினி என்று நினைத்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள், பட்டுக்கரைப் புடவையை முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு. தெருமுனையில் கார் ஹாரன் அடித்தது. சுப்புலட்சுமி திரும்பிப் பார்க்கவில்லை.

"ஊத்துங்க நங்கையா," என்றாள்.

சாரதாமணி குடம் நிறைய மொண்டு வந்து, அவள் தலையில் மெதுவாகக் கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள். சுப்புலட்சுமி இரண்டு கையாலும் முகத்தை வழித்துக்கொண்டு எழுந்தாள். ஈரப் புடவையோடு காரை நோக்கி நடந்தாள். தண்ணீர் வாசல் முழுக்க ஓடி, சுவரோரம் சாத்தியிருந்த வாழைக்கன்றின் வேரடியில் போய்த் தேங்கியது.