ஓடைக் கத்தாழை

அர்த்தநாரி ஓடையோரத்து ஊறல் குழியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கத்தாழைக் கட்டுகளைக் கரையேற்றிக்கொண்டிருந்தார். இன்னும் நாலு நாள் ஊறினால்தான் நார் கழன்று வரும். ஆனால் இன்றைக்கே எடுத்தாக வேண்டும் என்பது சர்க்கார் உத்தரவு. கட்டுகள் நீலமாயிருந்தன. அவர் கைகளும் முழங்கை வரை நீலம்.

ஓடைக்கு மேற்புறம் சாயப்பட்டறை வந்து இரண்டு வருஷமாகிறது. சுற்றியிருந்த சோளக்காடுகள் மனைகளாகி, கேரள எல்லைக்குள்ளிருக்கும் வடகரப்பதியே டவுனாகப் போகிறது என்று பேச்சு. பட்டறைத் தண்ணீர் ஓடையில் இறங்கி அர்த்தநாரியின் கிணற்றிலும் ஊறிவிட்டது. ஒன்றரை ஏக்கர் மிளகாய் காய்ப்பதற்கு முன்பே கருகிற்று. அந்தக் கிணற்றை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பில்லை.

தண்ணீரைக் கெடுத்தால் தண்டனை என்று புதுச் சட்டம் வந்திருப்பதாகச் சொல்லி, மலையாளத்தில் மனு எழுதிக் கொடுத்தவர் கடைக்கார மம்மது ராவுத்தர். ஓடையில் தமக்குப் பாத்தியதை உண்டென்று காட்ட வேண்டாமா? பாட்டன் காலத்திலிருந்து இதில்தான் கத்தாழை ஊறப்போடுகிறோம், மாடு கழுவுகிறோம் என்று ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னார் அர்த்தநாரி. அவர் அப்பா வரப்புத் தகராறில் அப்படிச் சொல்லித்தான் ஜெயித்தார்.

மூன்று மாதம் கழித்து அர்த்தநாரி பேருக்கே நோட்டீஸ் வந்தது. ராவுத்தர் இரண்டு தடவை படித்தார்.

"கவுண்டரே, ஓடையைக் கெடுக்கறது நீங்கதான்னு போட்டிருக்குது. கத்தாழை ஊறப்போடறத நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களாம்."

"ஏனுங்க ராவுத்தரே, அப்பப் பட்டறை?"

"அவிங்ககிட்ட லைசென்ஸ் இருக்குதாமுங்க."

அர்த்தநாரிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. புகார் கொடுத்தவன் எந்த வரியில் குற்றவாளியானான்? இப்போது கட்டுகளைத் தூக்கும்போதும் அதே யோசனைதான். கத்தாழை ஊறினால் தண்ணீர் நாறும், வாஸ்தவம். நீலமாகுமா? ஒருவேளை தப்பு தம்மேல்தானோ என்றுகூடத் தோன்றிப் பயமாயிருந்தது.

கடைசிக் கட்டு கரையேறியபோது பட்டறை கேட்டிலிருந்து புறப்பட்ட ஜீப் ஓடைக்கரையில் வந்து நின்றது. மலையாளி ஆபீசர் இறங்கி, குழி காலியானதைப் பார்த்துவிட்டு, கத்தாழையை எடுத்தாயிற்று என்று எழுதிய காகிதத்தையும் மைப்பெட்டியையும் எடுத்து வைத்தார். அர்த்தநாரி கட்டைவிரலை நீட்டினார். ரேகையே தெரியாமல் சாயம் அப்பியிருந்தது. ஆபீசர் முகம் சுளித்தார்.

"கை கழுகிட்டு வா."

அர்த்தநாரி ஓடையைப் பார்த்தார். அப்புறம் கிணற்றைப் பார்த்தார். எங்கே போய்க் கழுவுவது என்று தெரியாமல், நீட்டிய கையை நீட்டியபடியே நின்றார்.