செவப்பா ஒருத்தரு

நைனாவின் முகத்தை நோக்கிப் பவுடர் டப்பாவோடு வந்த கையை சசிரேகா பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்கா."

பக்கத்து வீட்டு திலகாவுக்குப் புரியவில்லை. "கொஞ்சூண்டு தான் சசி. லைட்டா பூசிவுட்டா மூஞ்சி பளிச்சுனு இருக்கும் இல்ல? வர்றவங்க எல்லாம் பாப்பாங்க."

"எழுபத்தெட்டு வயசு வரிக்கும் பூசாத பவுடரு இப்ப இன்னாத்துக்கு? வேர்க்கவா போவுது?"

திலகா சிரித்துவிட்டாள். சாவு வீட்டில் சிரித்துவிட்டோமே என்று உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியொன்றும் பொத்தியிருக்க வேண்டியதில்லை. சசிரேகாவின் அப்பா கன்னியப்பனுடையது நெஞ்சில் அடித்துக்கொண்டு அழவேண்டிய சாவு இல்லை. நேற்றுச் சாயந்திரம் வரைக்கும் கழனியில் மடை திருப்பிவிட்டு வந்தவர், கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, குழம்பில் கருவாட்டைத் தேட வேண்டியிருக்கிறது என்று பெண்டாட்டியோடு சண்டை போட்டு, அதே குழம்பை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கித் தின்றுவிட்டு சுவரில் சாய்ந்தார். அவ்வளவுதான். படுக்கையில் கிடக்கவில்லை, ஒரு ஊசி குத்திக்கொள்ளவில்லை. கொடுத்து வைத்த மனுசன் என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். பெண்டாட்டி செல்லம்மாள்கூட ஒப்பாரிக்கு நடுவில், "போற அன்னிக்கும் என்னைத் திட்டிட்டுத்தானே போன" என்று ஒரு புகாரை நுழைத்துவிட்டுத்தான் மூக்கைச் சிந்தினாள்.

சசிரேகா ஈரத்துணியால் நைனாவின் நெற்றியைத் துடைத்து விபூதி மட்டும் இட்டாள். கன்னியப்பன் கருப்பு. மாநிறம், புதுநிறம் என்றெல்லாம் சொல்லிச் சமாளிக்கிற கருப்பு இல்லை, யாருக்கும் சந்தேகம் வராத கருப்பு. பெற்ற இரண்டும் அவரையே உரித்துக்கொண்டு பிறந்தன. மூத்தவள் சசிரேகா, எட்டு வருஷம் கழித்து வசந்த்குமார். இவளைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மாள், கேசரியைத் தின்று முடித்துவிட்டு, "பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி" என்றாள். நைனா சற்றும் யோசிக்கவில்லை. "கம்மி இல்லம்மா, எங்க வூட்ல எல்லாருக்கும் கலர் ஜாஸ்தி" என்றார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த சசிரேகாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அப்புறம் ஓரிக்கையிலிருந்து வந்த தமிழரசன் கட்டிக்கொண்டான், நன்றாகவே வைத்திருக்கிறான்.

ஐஸ் பெட்டியில் வைத்து மாலை போட்டாயிற்று. உறவுக்காரர்களுக்குச் சொல்லிவிட்டார்களா என்று பார்க்க போனை எடுத்தபோதுதான், தம்பியின் வாட்சாப் ஸ்டேட்டஸ் கண்ணில் பட்டது. ஊர் முனையில், மெயின் ரோட்டிலிருந்து கிராமத்துச் சாலை பிரிகிற இடத்தில், ஒரு பெரிய பேனர் நின்றது. மேலே பாதி இடத்தை ஒரு சினிமா ஹீரோ கைகூப்பி அடைத்துக்கொண்டிருந்தார். கீழே கண்ணீர் அஞ்சலி. அதற்குக் கீழே, ரோஸ் நிறக் கன்னங்களோடு, சுருக்கம் ஒன்றுகூட இல்லாமல், ஜமீன்தார் மாதிரி ஒருவர்.

சட்டையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். அவள் பெண் சடங்குக்கு நைனா போட்டுக்கொண்டு வந்த சட்டை.

இரவெல்லாம் வராத அழுகை இப்போதும் வரவில்லை. நைனாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது அந்த வழியாகத்தான் போவார்கள். ஊரே பார்க்க, யாரோ ஒருத்தன் முகத்துக்குக் கீழேதான் அவருடைய கடைசிப் போக்கு. அது மட்டும் கூடாது என்று நினைத்தாள்.

அந்த ஹீரோவினால்தான் அக்காளுக்கும் தம்பிக்கும் இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை. வசந்த்குமார் லோடு வண்டி ஓட்டுகிறான், அது வயிற்றுக்கு. ரசிகர் மன்றத்தின் ஒன்றியச் செயலாளர், அது உயிருக்கு. சாதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் ஒரு நடிகை பேட்டி கொடுத்தாள். தான் கருப்பு என்பதால் அந்த ஹீரோ தன்னை ஜோடியாகப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், பிறகு வடக்கேயிருந்து ஒரு வெள்ளைத் தோல் பெண்ணைக் கூட்டிவந்து, முகத்தில் கரியைப் பூசி, நாற்று நடுகிற பெண்ணாக நடிக்கவைத்தார்கள் என்றாள். அவ்வளவுதான், தமிழ்நாடே பற்றிக்கொண்டது. இது நிறவெறியா, விளம்பரமா என்று டிவியில் தினமும் நாலு பேர் நாலு கட்டத்தில் உட்கார்ந்து கத்தினார்கள். வெள்ளைக்காரன் ஊரில்தான் நிறவெறி, நம் ஊரில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்றார் கோட்டு போட்ட ஒருவர்.

நைனா அப்போது சுவரோரமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "நெறமே இல்லன்னு சொல்றவன் மூஞ்சில இன்னாத்துக்குடா அம்மாம் பவுடரு?" என்றார்.

அம்மாவைப் பார்க்க வந்திருந்த சசிரேகா விழுந்து விழுந்து சிரித்தாள். வசந்த்குமாருக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண் பேர் வாங்கத்தான் பேசுகிறாள் என்றான். அவள் சொல்வது நிஜம் என்றாள் இவள். வார்த்தை தடித்தது. கடைசியில் அவன், "உனக்கு மாப்பிள லேட்டா கெடச்ச கடுப்ப எங்க தலைவர் மேல காட்டாத" என்றான். நைனா எழுந்துபோய் டிவியை அணைத்தார். அன்றோடு சரி. நேற்று ராத்திரி இவள் வந்து இறங்கியபோதும் தம்பி பையை வாங்கி உள்ளே வைத்தானே தவிர, வாயைத் திறக்கவில்லை.

இப்போது இவள் திறந்தாக வேண்டும். பந்தலில் நின்றிருந்தவனைக் கண்ஜாடை காட்டி, வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகையாண்டை கூப்பிட்டாள்.

"அந்தப் பேனர எடுக்கச் சொல்லு வசந்து."

"இன்னாத்துக்கு? தலைவர் படம் கீதுன்னா?"

"உங்க தலைவர் எப்பிடியோ போவட்டும். கீழ கீறது யாரு?"

அவன் காலால் வைக்கோலைத் தள்ளினான். "நைனா தான்."

"நைனாவா அது?"

"நான் தான் கடையில சொன்னேன், கொஞ்சம் கலர் ஏத்துங்கன்னு. அவன் இன்னும் கொஞ்சம் சேத்து ஏத்திட்டான். அதுல இன்னா தப்பு? மெயின் ரோடு. பஸ்ஸுல போறவன் எல்லாம் பாப்பான். எங்க நைனா யாருக்கும் கொறஞ்சவரு இல்லன்னு தெரியட்டும்."

"கருப்பா இருந்தா கொறஞ்சவரா?"

அவன் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் சசிரேகாவின் கோபத்தில் பாதி கரைந்துவிட்டது. இவன் கிண்டலுக்குச் செய்யவில்லை, அப்பனுக்குப் பட்டுச்சட்டை எடுத்துப் போடுகிற மாதிரி ஆசையாகத்தான் செய்திருக்கிறான். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. கோபித்துக்கொள்ளக்கூட இடமில்லை.

"மன்றத்துப் பசங்க ராத்திரியிலருந்து அலைஞ்சி போட்டுக்கிறானுங்க. சாவு வூட்ல பேஜார் பண்ணாத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

உச்சிக்குள் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். மேளக்காரர்கள் ஒரு சுற்று அடித்து ஓய்ந்தார்கள், வண்டிக்குப் பூ கட்டியாயிற்று. ஒரே ஒரு பாக்கி, சாலவாக்கத்து மாமா. செல்லம்மாளின் தம்பி. பிறந்த வீட்டுக் கோடிப் புடவை வந்து செல்லம்மாள் தோளில் விழாமல் பிணத்தை எடுக்க முடியாது. காலையிலேயே வேன் பிடித்துக் கிளம்பிவிட்டதாகத் தகவல். கிட்ட வந்துவிட்டோம் என்று அப்புறம் ஒரு போன். அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

வெயில் ஏறியது. ஐஸ் பெட்டிக்கு அடியில் தண்ணீர் கோர்த்தது. வழியில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று செல்லம்மாள் புலம்ப ஆரம்பித்தாள். சசிரேகா போன் போட்டாள். பந்தலில் மறுபடி மேளம் ஆரம்பிக்கவே ஒன்றும் கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டாள். திலகா ஓடிப்போய் மேளத்தை நிறுத்தச் சொன்னாள்.

"மாமா, எங்க கீறீங்க?"

"இங்கதாம்மா, ரோட்டு மேல டீக்கடையாண்ட. வந்து ரொம்ப நேரமாச்சி."

"வந்துட்டு அங்க இன்னா பண்றீங்க? உங்களுக்காகத்தான் தூக்காம வெச்சிக்கினு கீறோம்."

"இன்னாம்மா தெரியாத மாதிரி கேக்கற? ஒரு சாவுக்கு எடுத்த கோடி இன்னொரு சாவத் தாண்டலாமா? மொதல்ல அந்தப் பொணத்த தூக்கட்டும். அப்புறம் வர்றோம்."

"எந்தப் பொணம்?"

"அதான், உங்க ஊரு மொனையில பேனரு போட்டுக்கீதே. செவப்பா ஒருத்தரு. எழுத்து எல்லாம் பைக்கு நிறுத்தி மறைச்சிக்கீது. யாரும்மா அது? புதுசா வூடு கட்டிக்கினு வந்தவரா? பாவம், நல்ல களையான மனுசன்."

கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இங்கே மாமா வராமல் பிணம் நகராது. அங்கே பிணம் நகராமல் மாமா வரமாட்டார்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தவள், வாசற்படியில் தம்பி நிற்பதைப் பார்த்தாள். எல்லாம் கேட்டிருக்கிறான். போனை அவனிடம் நீட்டினாள்.

அவன் வாங்கிக்கொண்டான்.

"மாமா… வசந்து பேசறேன். அது… அது நைனா தான்."

அந்தப் பக்கம் ஒரு லாரி போகிற சத்தம் கேட்டது.

"உங்க நைனாவா?"

"ஆமா மாமா."

"டேய், கன்னியப்பன எனக்குத் தெரியாதாடா? அந்தக் கருப்பப் பாத்துட்டுத்தானே, ஒழைக்கிற ஒடம்புன்னு எங்கப்பன் பொண்ணு குடுத்தாரு. அவனும் நானும் ஒண்ணா நின்னு போட்டோ புடிச்சா ரெண்டு பேரு பல்லு மட்டுந்தாண்டா தெரியும்." குரல் சட்டென்று உடைந்தது. "அவன இன்னாடா பண்ணி வெச்சிக்கிறீங்க?"

முதலில் சிரித்தது திலகாதான். பிறகு மூலையிலிருந்து ஒரு கிழவி. பிறகு கூடம் முழுக்க. செல்லம்மாள் அழுதுகொண்டே சிரித்து, சிரித்துக்கொண்டே அழுது, ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் தட்டி, "கேட்டியா? உன் மச்சான் உன்ன யாரோன்னு நெனச்சிட்டானாம், கேட்டியா?" என்றாள். உயிரோடு இருந்திருந்தால் இதையே சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்திருப்பார் மனுசன். சசிரேகாவுக்கும் அப்போதுதான் அழுகை வந்தது. சுகமாக, தாராளமாக வந்தது.

வசந்த்குமார் சிரிக்கவில்லை. போனைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு வெளியே போனான். பந்தலில் மன்றத்து ஆட்களோடு பேசுகிற சத்தம் கேட்டது. "கழட்டுங்கடா" என்றான். "அண்ணே, தலைவர் படம்ணே" என்றான் ஒருவன். "தலைவர் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டாரு. கழட்டு."

மாமா வந்தார். கோடியை அக்கா தோளில் போட்டார். பெட்டியைத் திறக்கச் சொல்லி, கன்னியப்பனின் கன்னத்தில் தன் கையை வைத்து, "இதோ கீறான் பாரு என் மச்சான்" என்று எல்லாரிடமும் காட்டினார். இரண்டு கருப்பும் ஒன்றுக்கொன்று சளைக்காமல்தான் இருந்தன.

ஊர் முனையோடு பெண்கள் நின்றுவிட வேண்டும். வண்டியை அங்கே நிறுத்தி, "மூஞ்சி பாக்கறவங்க பாத்துக்குங்க" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். பேனர் இருந்த இடத்தில் இரண்டு சவுக்குக் கம்புகள் மட்டும் நின்றன, நடுவில் வானம். நல்ல வெயில் நைனாவின் முகத்தில் விழுந்தது. சாமந்திப்பூவுக்கு நடுவில் அந்தக் கருப்பு, எண்ணெய் தேய்த்துக் குளித்தது போல மினுமினுத்தது. சசிரேகா ஆசை தீரப் பார்த்தாள். கொள்ளிச் சட்டியோடு முன்னால் நின்ற தம்பி திரும்பிப் பார்க்கவில்லை.

வீடு கழுவி, விளக்கேற்றி, திலகா வீட்டிலிருந்து காப்பி வந்தது. சாயந்திர வெயில் வாசலில் பாதி தூரம் வரைக்கும் இருந்தது. ஆண்கள் ஒவ்வொருவராகக் குளித்துவிட்டு வந்து விளக்கைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியாக வசந்த்குமார் வந்தான். இடுப்பில் ஈர வேட்டி, தலையில் போர்த்திய துண்டு.

விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நிழலில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து துண்டை எடுத்தான். தலையும் மீசையும் மழித்தாயிற்று. முகமும் கழுத்தும் நைனா கொடுத்த நிறத்தில் இருந்தன. நெற்றிக்கு மேலே கோடு போட்டுப் பிரித்ததுபோல, வருஷக்கணக்காக வெயில் படாத மண்டை வெளேரென்று இருந்தது.

சசிரேகா காப்பித் தம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா பாக்கற?"

அக்கா என்று கூப்பிட்டு இரண்டு மாதம் ஆயிற்று. அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"ஒண்ணுமில்ல. மண்ட மட்டும் உங்க தலைவர் மாதிரி கீது."

அவன் உள்ளங்கையால் தலையைத் தடவிப் பார்த்தான். "அசிங்கமாவா கீது?"

"சே. நாலு நாள் வெயில்ல நின்னா சரியாப் பூடும்."

காப்பியை வாங்கி ஒரு வாய் குடித்தான். பிறகு எழுந்து, துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் வெயில் இருந்த பக்கமாகப் போட்டு உட்கார்ந்தான்.