பாட்டுப் புத்தகத்தின் ஓரக் கறை

பேராலய நூலகத்தில், ஆட்டுத்தோலில் எழுதிய பழைய பாட்டுப் புத்தகத்தின் ஓரமெல்லாம் பழுப்புக் கறை.

"எல்லாம் அந்தப் பாட்டு வாத்தியார் வேலை! எச்சில் தொட்டுப் புரட்டுறாரு!" என்று தாம்தூமென்று குதித்த நூலகர், வாத்தியாரை அதற்குப் பிறகு படியேறவே விடவில்லை. புத்தகத்தைச் செப்பனிட ஒரு பெண் வந்த அன்று மட்டும், மானத்தை வாங்குவதற்கென்றே அவரை வரவழைத்தார்.

"எங்கெல்லாம் கறை இருக்கு சார்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"இந்த அநியாயத்தை நீயே பாரும்மா!" என்ற நூலகர், விரலை நாக்கில் தொட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

ஈர விரல் கறைமேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

வாத்தியார் எதையும் பார்க்காதவர்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது நூலகருக்கு.