எட்டுப் பக்கக் கல்வெட்டின் நிறை

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆண்டு 1943 என்று நினைக்கிறேன். 1944 என்பவர்களும் இருக்கிறார்கள். மட்டுவில் ஊர் மார்க்கண்டுவின் கல்வெட்டு எட்டே பக்கம் கொண்டது என்பதிலும், அதன் பிரதி ஒன்று ஓர் அந்தர், அதாவது நூற்றுப் பன்னிரண்டு இறாத்தல், நிறுத்தது என்பதிலும் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இறந்தவரைப் பற்றிப் பாட்டுக்கட்டி, அச்சடித்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் வாசித்துக் கொடுக்கும் புத்தகத்தை எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்பார்கள். வந்தவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் கூரை தாங்கும் வளை மரத்துக்கும் மேலே வேய்ந்த தென்னோலைக் கிடுகுக்கும் நடுவே செருகிவிடுவார்கள். செருகுமுன் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்துத் தடிப்புப் பார்ப்பார்கள். உள்ளே என்ன இருந்தது என்பது நாளடைவில் மறந்துபோகும். தடிப்பு மறப்பதில்லை.

மார்க்கண்டு முப்பது வருடம் துலா மிதித்தவர். புகையிலைத் தோட்டத்துக் கிணற்றில் ஒருவர் வாளியைப் பிடிக்க, மற்றவர் துலா மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடந்து, தன் உடம்பின் பாரத்தாலேயே தண்ணீரை மேலே கொண்டுவர வேண்டும். அவர் மெலிந்த, உயரத்தில் கட்டையான மனிதர். அந்த உடம்புக்கு அந்த மரம் அவ்வளவு சுளுவாகத் தாழ்வது பொருத்தமில்லை என்று சிலர் கவனித்திருந்தார்கள், கேட்கவில்லை. கேட்டாலும் பயனில்லை. அவர் ஊமையல்லர், ஆனால் கதைப்பதில்லை. இருவருக்குமாக அண்ணன் முருகேசு கதைத்தார்: கோயில் சபையில், வேலி வழக்கில், கலியாணப் பேச்சில். முருகேசு 1940இல் இறந்தபோது உலகச் சண்டையின் கடதாசிக் கட்டுப்பாடு இன்னும் வந்திருக்கவில்லை. அவருடைய கல்வெட்டு அறுபத்து நான்கு பக்கம். அவர் மனைவி குணலட்சுமி ஒரு பிரதியை வாசலுக்கு நேரே, வருகிறவர் கண்ணில் படும்படி வைத்திருந்தாள்.

மார்க்கண்டு மாசி மாதத்தில் ஒரு காலை எழும்பவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவுக்கு வந்த குணலட்சுமி, பாய் நிறைந்த பெண்களுக்கு நடுவில், “உன்ரை மனுசன்ரை கல்வெட்டைத் திருநீறு மடிக்கிற கடதாசிச் சரை எண்டு நினைச்செல்லோ சனம் மடியிலை செருகப்போகுது, பூரணம்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். துக்கவீடு என்பதால் கொஞ்சமாகத்தான் சிரித்தார்கள். அன்றிலிருந்து பூரணத்துக்கு ஒரே எண்ணம். முப்பத்தோராம் நாள் தன் புருசனை யாரும் விரலால் நசித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கக்கூடாது.

பாட்டுக்கட்ட வந்த புலவர் தியாகராசா கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தார். மார்க்கண்டு என்ன சொல்வார், எதைப் பற்றிக் கதைப்பார் என்று கேட்டார். பூரணம் நெடுநேரம் யோசித்தாள். “ஓம் எண்டுவார். தண்ணி காணும், போதும் எண்டுவார்.” புலவர் அதையும் எழுதிக்கொண்டு, பிறந்த நட்சத்திரம், ஊர்ச் சிறப்பு, கிணற்றின் சிறப்பு எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தார். எட்டுப் பக்கம் வந்தது.

குருநகரில் கனிசியஸ் என்பவர் ஒரு சிறு அச்சுக்கூடம் வைத்திருந்தார். எட்டுப் பக்கம் என்றால் எட்டுப் பக்கமாகவே இருக்கட்டும், தடித்த கடதாசியில் அடித்துத் தா என்று பூரணம் அவரிடம் கேட்டாள்.

“தடிப்பு வேறை, நிறை வேறை அம்மா” என்றார் கனிசியஸ். “ஒரு கை மா எடுங்கோ. புட்டாய் அவிச்சால் கோப்பை நிரம்பும். அமத்திப் பிடிச்சால் கொழுக்கட்டை, உள்ளங்கைக்குள்ளை அடங்கும். நிறை ஒண்டுதான். உள்ளுக்கை எவ்வளவு இறுக்கம் எண்டதிலைதான் இருக்கு எல்லாம்.”

“அப்ப புட்டுக் கடதாசியிலை அடியுமன் தம்பி.”

“சண்டை முடியட்டும். இப்ப கிடக்கிறது கொழுக்கட்டைதான்.”

சண்டைக்காலத்தில் கடதாசி நிறைக் கணக்கில்தான் கொடுபட்டது. மார்க்கண்டுவின் கல்வெட்டுக்கு ஐந்து இறாத்தலுக்கு அனுமதி கிடைத்தது. இருநூறு பிரதிக்கு நூறு தாள் வேண்டும்; நூறு தாள் நான்கு இறாத்தல்; பழுதாகப் போவதற்கு ஓர் இறாத்தல். கனிசியஸ் உருளையில் நன்றாக நசிந்து வந்த மெல்லிய கடதாசியில், இருபத்தெட்டாம் நாள் பிற்பகல், அடித்து, மடித்து, தைத்து, மேசையில் அடுக்கினார். இருநூறு பிரதியும் சேர்ந்து மூன்று அங்குல உயரம் வரவில்லை. மறுநாள் காலையில் மேசையின் கால்கள் நான்கும் சீமெந்து நிலத்தைத் துளைத்துக்கொண்டு கீழே சுண்ணக்கல்லில் போய் நின்றன. மேலே இருந்த பிரதியைக் கனிசியஸால் அசைக்க முடியவில்லை. மைத்துனர் பேதுருவைக் கூப்பிட்டார். பேதுரு வலை இழுக்கிறவர். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதைத் தூக்கி, பக்கத்து அரிசிக்கடைத் தராசில் வைத்தார்கள். ஓர் அந்தர் காட்டியது. மார்க்கண்டுவின் நிறையும் ஏறத்தாழ அவ்வளவுதான் என்று பின்னால் சொன்னார்கள். ஆனால் அவரை யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை.

அரிசிக்கடையில் நிறுத்த விடயம் ஒளித்திருக்காது. அன்று பின்னேரமே கடதாசிக் கட்டுப்பாட்டு உத்தியோகத்தர் அருட்பிரகாசம் வந்தார். எதையும் கண்ணால் பார்த்துத் தாளில் எழுதிய பிறகே நம்புகிறவர், எழுதிய பிறகு மாற்றமாட்டார். ஒரு பிரதியை நிறுத்து, இருநூறால் பெருக்கினார்: இருபத்திரண்டாயிரத்து நானூறு இறாத்தல்.

“ஐஞ்சு இறாத்தலுக்குத்தான் உமக்கு அனுமதி. உதிலை பத்துத் தொன் கிடக்குது. எங்கையிருந்து எடுத்தனீர்?”

“தாளை எண்ணிப் பாருங்கோ ஐயா. நூறு தாள்தான்.”

“தாளை எண்ணச் சொல்லிச் சட்டத்திலை இல்லை.”

“தடிப்பையெண்டாலும் பாருங்கோவன்.”

உத்தியோகத்தர் நியாயமானவர். திருகுக் கருவியால் தடிப்பை அளந்தார். நீளத்தாலும் அகலத்தாலும் பெருக்கினார். நிறையை அதனால் வகுத்தார். சாதாரணக் கடதாசியிலும் இது ஐயாயிரத்து அறுநூறு மடங்கு இறுகியிருந்தது. தங்கம் இதற்குப் பக்கத்திலும் வரவில்லை. மூன்று முறை கணக்குப் பார்த்தார். மூன்று முறையும் அதே விடை. இறுக்கத்துக்குப் படிவத்தில் இடமில்லாதபடியால், பத்துத் தொன் என்று மட்டும் எழுதினார். விசாரணை முடியும்வரை பிரதிகள் எதுவும் வெளியே போகக்கூடாது என்றார். விசாரணைக்கு இரண்டு மாதம் ஆகும். அந்தியேட்டிக்கு ஒன்றரை நாள் இருந்தது.

முப்பதாம் நாள் காலை முதல் பஸ்ஸில் பூரணம் உமல் என்கிற பனையோலைப் பை ஒன்றோடு வந்திறங்கினாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அச்சுக்கூடத்துக்குள் மூன்று ஆண்கள் ஒரு சிறிய அடுக்கைச் சுற்றி நிற்பதைக் கண்டாள். மேசை ஏன் இவ்வளவு பதிந்து நிற்கிறது என்று கேட்டாள். பிறகு கையை நீட்டி, இருநூறு பிரதியையும் ஒன்றாக எடுத்து, மேலே கிடந்ததைப் புரட்டி, “எழுத்து வடிவாய்த்தான் இருக்கு” என்றாள்.

காலையிலேயே திரும்பி வந்திருந்த உத்தியோகத்தர் படிவத்தை மறுபடி எடுத்தார். பிறகு அடுக்கை அரிசிக்கடைத் தராசில் வைக்கச் சொன்னார். நான்கு இறாத்தல் காட்டியது. அவள் கையை எடுத்தாள். தராசுத்தட்டு நிலத்தில் மோதி, கடையில் இருந்த மூட்டைகள் துள்ளின. “கையை எடாதையுங்கோ, எடாதையுங்கோ” என்றார் உத்தியோகத்தர். அவள் மறுபடி கையை வைத்தாள். நான்கு இறாத்தல். கை வைத்தால் நிறை கூடும் என்பதுதான் பொதுவிதி; கூடாமல் குறைந்தால் என்ன செய்வதென்று எந்தச் சுற்றுநிருபத்திலும் இல்லை. அவர் முதல் நாள் எழுதியதை அழிக்கவில்லை. அதன் கீழே, உரியவர் முன்னிலையில் நிறுத்தபோது நான்கு இறாத்தல், அனுமதிக்கு உட்பட்டது என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் கொண்டக்டர் உமலை வாங்கிக் கீழே வைக்கப் பார்த்தார். “வேண்டாம் தம்பி, மடியிலை கிடக்கட்டும்” என்றாள் பூரணம். அந்த நேரம் பஸ் நாவற்குழிப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது.

முப்பத்தோராம் நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நூற்றெழுபது பேர் பந்தலில் பாய்களில் இருந்தார்கள். பூரணம் ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு போனாள். அவள் கையை எடுத்ததும் ஒவ்வொருவரும் ஒரு தரம் மூச்சை இழுத்துவிட்டார்கள். விரலால் தடிப்புப் பார்க்க ஒருவரும் முயலவில்லை. புலவர் தன் பிரதியை நிலத்தில் வைக்கச் சொல்லிக் குனிந்து வாசித்தார். எட்டுப் பக்கமும் கால்மணி நேரத்தில் முடிந்தன. வழக்கமாக இந்த இடத்தில் சனம் எழும்பிக் காணி விலையையும் புகையிலை விலையையும் கதைக்கத் தொடங்கும். அன்று ஒருவராலும் எழும்ப முடியவில்லை. கதைக்க முடியும், ஆனால் அந்தப் பாரத்தோடு என்ன கதைப்பதென்று தெரியவில்லை. கிணற்றடியில் ஒரு காகம் வாளியில் தண்ணீர் குடித்த சத்தம் கேட்டது. மட்டுவிலில் அவ்வளவு பேர் கூடி, அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதற்கு முன் நடந்ததில்லை. ஒரு மணி நேரம் என்கிறார்கள். எனக்கு அது இன்னும் நீண்டதாக நினைவு.

கடைசியில் குணலட்சுமிதான் வாய் திறந்தாள். “பூரணம், உதை ஒருக்கா எடன். கால் விறைச்சுப் போச்சு.”

“மெல்லிசுதானே அக்கா” என்றாள் பூரணம். “நீங்களே எடுங்கோவன்.”

குணலட்சுமி இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பிறகு கையை மடித்துக்கொண்டு, “ஏலாது” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் பந்தல் முழுவதும் கேட்டது. பூரணம் போய், குனிந்து, அதை எடுத்தாள். பிறகு மற்றவர்களுடைய மடிகளிலிருந்தும் எடுத்தாள். அடுத்த ஒன்பது நாளும் வீடு வீடாகப் போய், அவரவர் காட்டிய இடத்தில் ஒவ்வொன்றாக வைத்துவிட்டு வந்தாள். வளையில் செருகச் சொல்லி எவரும் கேட்கவில்லை.

ஏன் அந்த நிறை வந்தது என்பதற்குப் பல விளக்கங்கள் இருந்தன. முப்பது வருடம் சொல்லாமல் விட்டதெல்லாம் அதற்குள் இறுகிவிட்டது என்றார் புலவர். மையில் கோளாறு என்றார் பேதுரு. கனிசியஸ், கடதாசி நல்ல கடதாசி என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அருட்பிரகாசம் மன்னாருக்கு மாற்றலாகிப் போய், அங்கேயே ஓய்வு பெற்றார். கனிசியஸ் 1947இல் அச்சுக்கூடத்தை விற்றார். மேசையை விற்க முடியாததால் அது கட்டடத்தோடு போனது. பேதுரு கடலில் இறந்தார். புலவர் தியாகராசாவுக்குக் கண் மங்கிவிட்டது. குணலட்சுமி 1948 தையில் காலமானாள். அவளுக்குப் பன்னிரண்டு பக்கம், நிறை வழமையானது. பூரணம் அடுத்த வருடம் ஆடியில் இறந்தாள். பிள்ளைகள் இல்லை, முருகேசுவின் மூத்த மகன் கொள்ளி வைத்தான். அவளுக்குக் கல்வெட்டு அடிக்கவில்லை. அவள் போனபின் அந்தப் பிரதிகள் வைத்த இடத்திலேயே கிடக்கின்றன. வீடு கூட்டுகிறவர்கள் அவற்றைச் சுற்றிக் கூட்டுகிறார்கள்.